பழைய கல்யாணப் பத்திரிகையில் ஒரு படிப்புப் பெட்டி

பாடத்தை நாலு தடவை வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். பரீட்சை ஹாலில் வராது. வாசிக்க வாசிக்கப் பக்கம் கண்ணுக்குப் பழகுகிறதே தவிர, நினைவிலிருந்து எடுக்கும் பழக்கம் வருவதில்லை. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது, இரண்டு தடவை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். ஒரு தடவை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

நினைவிலிருந்து எடுக்கும் அந்தப் பழக்கத்துக்கு ஒரு செருப்பு டப்பா போதும். செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறையின் சுருக்கம் இது.

1. பழைய கல்யாணப் பத்திரிகைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டுங்கள். எழுத்தில்லாத பக்கம் வெளியே வரும்படி இரண்டிரண்டாக ஒட்டுங்கள். டப்பாவில் மூன்று அறை தடுங்கள்.

2. முன்பக்கம் ஒரே ஒரு கேள்வி, பின்பக்கம் பதில். பலரும் சறுக்கும் இடம் இதுதான். ‘சேலத்தின் கனிமங்கள்’ என்று எழுதிப் பதிலாக ஆறு வரி நிரப்பினால், பாதி சொன்னாலே சரி என்று மனசு ஒப்புக்கொள்ளும். ‘மேக்னசைட்டைச் சூளையில் சுட்டால் வெளியேறுவது எது, மிஞ்சுவது எது?’ என்று கேளுங்கள். பதில்: கரியமில வாயு வெளியேறும், மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும், கடும் வெப்பம் தாங்குவதால் உலைச் செங்கலுக்கு ஆகும்.

குழப்புகிற ஜோடிக்குத் தனி அட்டை போடுங்கள். மேக்னசைட், பாக்சைட் இரண்டில் சேர்வராயன் மலை உச்சியில் இருப்பது எது, ஏன்? பாக்சைட். காலங்காலமாகப் பெய்த மழை பாறையின் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, அலுமினியச் சத்து மேலே தங்கிவிட்டது. ‘ஏன்’ தெரிந்தால் ஊர்ப்பெயர் மாறிப்போகாது.

3. முதல் அறை அட்டைகளைத் தினமும் எடுத்துப் பாருங்கள், இரண்டாவது அறையைப் புதன், சனி, மூன்றாவதை ஞாயிறு. சரியான அட்டை அடுத்த அறைக்குப் போகும். தப்பானது எந்த அறையில் இருந்தாலும் முதலுக்கே திரும்பும். புது அட்டை நாளுக்கு 10-க்கு மேல் வேண்டாம், இரண்டாம் வாரமே மலையாகக் குவிந்துவிடும்.

4. பதிலை ரஃப் நோட்டில் எழுதிய பிறகுதான் அட்டையைத் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டு ‘அட, இது தெரியுமே’ என்றால் அது தப்புக் கணக்கில்தான் சேரும். யோசித்துத் திணறும் அந்தப் பத்து விநாடியில்தான் நினைவு இறுகுகிறது. அதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கணக்குக்கு அட்டை ஒத்துவராது. மூன்று பயிற்சிகளிலிருந்து இரண்டிரண்டு கணக்கை எடுத்துக் கலந்து போடுங்கள். எந்த முறை பொருந்தும் என்று தேடுவதும் பயிற்சிதான்.

ஆசிரியர்கள் பீரியட் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்: நேற்றைய பாடத்தில் இரண்டு கேள்வி, போன வாரத்தில் ஒன்று. எல்லோரும் எழுதட்டும், பிறகு விடையை உடனே சொல்லிவிடுங்கள். மார்க் போடாதீர்கள், மார்க் என்றதும் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.