தரம் ஆறுக்குப் பிறகு நாம் விடும் பிழைகள்

புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து பிள்ளை தரம் ஆறுக்குப் போன கொஞ்ச நாளில் வீட்டின் சத்தம் மாறிவிடும். பள்ளிக்கூடக் கதையை வாய் ஓயாமல் சொன்ன பிள்ளை, இப்போது எதைக் கேட்டாலும் "ஒண்டுமில்ல" என்கிறது. கிழக்கிலங்கையில் கல்லடியோ காரைதீவோ, பெரியவர்களின் தீர்ப்பு ஒன்றுதான்: "வாய் கூடிப்போச்சு."

10 முதல் 14 வயது வரையான இந்த முன் கட்டிளமைப் பருவத்தில் உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் வேகமாக விழித்துக்கொள்கின்றன. யோசித்து அடக்கும் முன்பகுதியோ 20களின் நடுப்பகுதி வரை ஆறுதலாகத்தான் வளர்கிறது. கோபம் வருவது பிள்ளையின் கெட்ட குணத்தால் என்று முடிவுகட்டுவதுதான் முதல் பிழை. மற்றப் பிழைகள் பெரும்பாலும் அதற்குப் பின்னாலேயே வருகின்றன.

அதில் மோசமானது, நாலு பேர் முன்னால் ஏசுவது. தவணைப் புள்ளி வந்த பின்னேரம், மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு தாய் சொல்கிறார்: "இவருக்குக் கணக்கில முப்பத்தைஞ்சு. உங்கட மகனுக்கு எவ்வளவு கா?" பக்கத்தில் நிற்கும் பொடியன் தலை நிமிராமல் சைக்கிள் மணியை நோண்டிக்கொண்டிருக்கிறான். தாய்க்கு அது சும்மா ஒரு கதை. அவனுக்கு ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறது. எல்லாருடைய கண்ணும் தன்மேல்தான் என்ற இந்த நினைப்பை 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று 1967இல் டேவிட் எல்கைன்ட் என்ற உளவியலாளர் விளக்கினார். முகத்தில் ஒரு பரு வந்தாலே பள்ளிக்கூடம் போக மறுக்கிற வயது அது. அதே முப்பத்தைந்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக, "எந்தப் பாடம் விளங்கேல்ல மனே?" என்று கேட்டிருந்தால் அவன் பதில் சொல்லியிருப்பான். உடனே இல்லாவிட்டாலும் அடுத்த நாளாவது.

கேள்வியை முகத்துக்கு நேரே வைப்பதும் அவ்வளவு உதவாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் இருக்கும்போது, மீன் வெட்டும்போது கதை தானாக வரும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நாம் விடும் பிழை வேறு மாதிரி. மாதவிடாய் என்றால் என்னவென்று முன்கூட்டியே ஒருவரும் சொல்வதில்லை. பெரியபிள்ளையான அன்றுதான் பயத்தோடு தெரிந்துகொள்கிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பூப்புக்கான உடல் மாற்றங்கள் சாதாரணமாக 8 வயதுக்கும் 13க்கும் இடையில் தொடங்குவதால், தரம் நான்கு, ஐந்திலேயே சொல்லிவிட வேண்டும். சாமத்தியச் சடங்கு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவளிடம் ஒரு சொல் கேட்காமல் பெனர் அடித்து, படங்களை முகநூலில் போட்டுவிட்டு, மறுநாளே "இனி விளையாடப் போகாதே" என்று கூட்டாளிகளிடமிருந்து பிரிப்பது சரியா? கூட்டாளிகள்தான் அவளுடைய பாதி உலகம்.

ஆண் பிள்ளைக்கு "ஆம்பிளப் பிள்ளை அழுறதா?" என்ற ஒரே வசனம் போதும். அழுகையை விழுங்கியவன் பிறகு கதவில் உதைப்பான்.

தாய் குவைத்திலோ கட்டாரிலோ வேலை செய்யும் வீடுகளில், வாரத்துக்கு ஓரிரு வீடியோ அழைப்பு "படிச்சியா? அம்மம்மாட சொல் கேக்கிறியா?" என்பதிலேயே முடிந்துவிடுகிறது. முதல் ஐந்து நிமிடம் படிப்பைத் தொடாமல் கதைத்துப் பாருங்கள். அம்மம்மாவைக் காவல்காரி ஆக்காதீர்கள், அவரும் களைத்துத்தான் இருக்கிறார்.

நித்திரை பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வயதில் நித்திரை வரும் நேரமே பிந்துகிறது. 13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரம் தேவை. இரவு ரியூசன் முடிந்து வந்தவனை விடிய ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டு "சோம்பேறி" என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

கடைசியாக, எல்லாவற்றையும் வயதுக் கோளாறு என்று விட்டுவிடுவதும் பிழைதான். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, விளையாட்டு, கூட்டாளிகள் என்று எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அல்லது சாவைப் பற்றிக் கதைத்தால், நாவூறு பார்த்து நூல் கட்டுவதோடு நிற்காதீர்கள். சாவைப் பற்றி நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைப் புகுத்திவிடாது. பாடசாலை ஆலோசனை ஆசிரியரிடமோ, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலோ கதைக்கலாம். தொலைபேசியில் என்றால் மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929.