குறும்படத்துக்குப் பின்னணி இசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மா இறந்த செய்தி வருகிறது. நடிகை உடைந்து அழுகிறார். கூடவே வயலினும் அழுகிறது. குறும்படங்களில் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். முகம் சொல்லி முடித்ததையே இசையும் சொன்னால் சோகம் அதிகமாகாது. ‘இப்போது நீ அழ வேண்டும்’ என்று யாரோ தோளைத் தட்டுவது போலிருக்கும், பார்ப்பவர் விலகிவிடுவார்.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) படத்தில், ஊர் திரும்பும் அப்பாவுக்கு மகள் துர்கா இறந்தது தெரியாது. அவளுக்காக வாங்கிய புடவையை எடுத்து நீட்டுகிறார். அம்மா சர்பஜயா கதறுகிறாள். ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை, தார் ஷெனாய் என்ற, வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம்தான் ஒலிக்கிறது. ரவிசங்கரின் இசை அங்கே அழுகைக்குத் துணைக்கு வரவில்லை. அழுகை இருந்த இடத்தையே எடுத்துக்கொண்டது. எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சை அடைக்கும் இடம் அது. படத்திலும் வசனத்திலும் இல்லாத எதை இந்த இசை கொண்டுவருகிறது என்று ஒவ்வொரு காட்சிக்கும் கேளுங்கள். பதில் கிடைக்கவில்லையா, அந்த இடத்தைச் சும்மா விடுங்கள். மின்விசிறிச் சத்தமும் பக்கத்து வீட்டு டிவியும் போதும்.

அதற்காக இசையே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பதும் சரியில்லை. ‘சைக்கோ’ (1960) படத்தின் குளியலறைக் கொலைக்கு இசை வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். பெர்னார்ட் ஹெர்மன் எழுதிய, தந்தி வாத்தியங்கள் மட்டுமே கிறீச்சிடும் இசையைக் கேட்டதும் மனம் மாறினார்.

அடுத்தது, அவசரம். கதவைத் திறக்கும் முன்பே திகில் இசை தொடங்கினால், உள்ளே ஆபத்து இருப்பதைச் சொல்லிவிட்டீர்கள். தெரிந்தே சொன்னால் அது பதற்றம், தெரியாமல் சொன்னால் காட்சியே போச்சு. ‘ஜாஸ்’ (1975) படத்தில் சிறுவர்கள் இருவர் சுறாவின் முதுகுத் துடுப்பு போல வெட்டிய அட்டையை வைத்துக் கடற்கரையையே அலறவிடும்போது ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு சுர இசை வராது. இசை வந்தால் சுறா வரும் என்று நம் காது பழகிவிடுகிறது. அப்புறம் படகுக்குப் பின்னால் எந்த இசையும் இல்லாமல் சுறா தலைதூக்குகிறது. தூக்கிவாரிப் போடுவது அதனால்தான்.

எடிட்டிங்கில் தற்காலிகமாக வேறு இசையை ஒட்டி வைப்பதிலும் ஆபத்து உண்டு. பத்து முறை பார்த்ததும் அதுதான் சரி என்று தோன்றிவிடும். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ (1968) படத்துக்காக அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை இயக்குநர் குப்ரிக் ஒதுக்கினார், தற்காலிகமாக வைத்த செவ்வியல் இசைத் துண்டுகளே படத்தில் நிலைத்தன. அவருக்கு அது பலித்தது. உங்கள் இசையமைப்பாளருக்கோ, வேறொருவர் மெட்டை நகலெடுக்கும் வேலைதான் மிஞ்சும். முதலில் இசையில்லாத பிரதியைக் காட்டுங்கள்.

வசனத்துக்கு அடியில் வயலினோ புல்லாங்குழலோ மெட்டு வாசித்தால் பேச்சு மங்கும், ஏனென்றால் அவையும் குரலும் மோதிக்கொள்ளும் ஒலி எல்லை உண்டு. இசையின் சத்தத்தை மட்டும் குறைத்தால் போதாது. மெட்டு வசன இடைவெளிகளில் வரட்டும்.

கடைசியாக மிக்ஸிங், அதாவது எல்லா ஒலிகளையும் அளவு பார்த்துச் சேர்ப்பது. குறும்படத்தைப் பலரும் செல்போனில்தான் பார்ப்பார்கள். சிறிய ஸ்பீக்கரில் அடிமட்ட ஒலிகள் அநேகமாகக் கேட்காது. பயத்தை முழுக்க ஒரு தாழ்ந்த உறுமலில் வைத்திருந்தால் அங்கே வெறும் மௌனம்தான். அதே சுரத்தை ஒன்றிரண்டு ஸ்தாயி மேலேயும் மெல்லியதாகச் சேர்த்துவிட்டு, செல்போனில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.