தேனீப் பெட்டியில் முட்டையைப் பார்த்து ராணியின் நிலையை அறிவது

அம்பாசமுத்திரம், கடையம், களக்காடு பக்கத்துத் தோப்புகளில் இந்தியத் தேனீ வளர்ப்போர் பலர் பெட்டியைத் திறந்தவுடன் ராணி ஈயைத் தேடத் தொடங்குகின்றனர். இது பெரும்பாலும் வேண்டாத வேலை. தேடும் நேரம் நீள நீளக் கூட்டம் கலவரமடையும். தொந்தரவு மிகுந்தால் கூட்டையே விட்டு ஓடிவிடும் இயல்பும் இந்தத் தேனீக்கு உண்டு. ராணியைக் காணாமலேயே அதன் நலத்தை அறிய முட்டைகள் போதும்.

காற்றில்லாத காலை வெயிலில் பெட்டியைத் திறக்கவும். செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இறங்கும் ஆனி, ஆடி நாட்களில் தோப்பின் மறைவில் வைத்துப் பார்ப்பது நல்லது. புகையை அளவோடு காட்டி, புழு அறையின் (முட்டையும் புழுவும் வளரும் அறை) நடுவிலுள்ள, அடை கட்டிய சட்டம் ஒன்றை எடுத்து, வெயில் உங்கள் தோளுக்கு மேலாகக் கண்ணறைகளின் (அடையிலுள்ள சிறு மெழுகுக் குழிகள்) அடிவரை விழுமாறு பிடிக்கவும். சட்டத்தைக் கிடையாகப் படுக்க வைக்கக் கூடாது. புது அடை முறிந்து விழுந்துவிடும்.

முட்டை வெண்மையாக, ஒன்றரை மில்லிமீட்டர் அளவில், சிறு நூல்துண்டு போல இருக்கும். இட்ட நாளில் கண்ணறையின் அடியில் நிமிர்ந்து நிற்கும், மறுநாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துப் பின் புழுவாகப் பொரியும். ஆகவே கண்ணறைக்கு ஒன்றாக, அடியின் நடுவில், அடுத்தடுத்து முட்டைகள் இருந்தால், கடந்த மூன்று நாளுக்குள் அங்கே நல்ல ராணி இருந்திருக்கிறது. அவ்வளவுதான் தெரிய வேண்டியது. சட்டத்தைத் திரும்ப வைத்துப் பெட்டியை மூடிவிடலாம்.

முட்டையே இல்லையென்றால் உடனே ராணி செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மகரந்த வரத்துக் குறையும்போது ராணி முட்டையிடுவதைச் சுருக்கிக்கொள்ளும். அப்போது சர்க்கரைப் பாகு வைத்தால் பல நேரங்களில் மீண்டும் தொடங்கும். ஐயம் தீர எளிய சோதனை ஒன்று உண்டு. வேறொரு நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள சட்டத்தை, அதில் அந்தப் பெட்டியின் ராணி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஈக்களை உதறிவிட்டு இங்கே வைக்கவும். சில நாளில் அந்த அடையில் ராணி அறைகள் (புது ராணியை வளர்க்க ஈக்கள் கட்டும் பெரிய அறைகள்) எழும்பினால் ராணி இல்லை என்று பொருள். அந்த அறைகளிலிருந்தே புது ராணி உருவாகும். அது வெளிவந்து, ஆண் ஈக்களோடு கலந்து, முட்டையிடத் தொடங்க மூன்று நான்கு வாரம் ஆகலாம்.

கவனமாகப் பார்க்க வேண்டியது, ஒரே கண்ணறையில் பல முட்டைகள் கிடக்கும் நிலை. புதிதாக முட்டையிடத் தொடங்கிய ராணியும் சில நாள் இரண்டிரண்டாக இடுவதுண்டு. ஆனால் அவை அடியிலேயே இருக்கும். முட்டைகள் கண்ணறையின் பக்கச்சுவரில் ஒழுங்கின்றி ஒட்டியிருந்தால் அவை வேலைக்கார ஈக்கள் இட்டவை. அவற்றின் வயிறு குட்டையாதலால் அடிவரை எட்டாது. ராணியின் வாசனையும் புழுக்களின் வாசனையும் அற்றுப்போன கூட்டத்தில் வேலைக்கார ஈக்களின் சினைப்பை வளர்கிறது. இந்தியத் தேனீயில் இது ஐரோப்பியத் தேனீயைவிட விரைவாக நிகழும். ஆண் ஈயோடு கலவாத ஈயின் முட்டையிலிருந்து உடல் பெரிய ஆண் ஈ மட்டுமே பிறக்கும் என்பதால், வேலைக்கார ஈக்களுக்குரிய சிறு கண்ணறைகளில் மூடி புடைத்து நிற்பதையும் காணலாம்.

இத்தகைய கூட்டத்துக்குப் புது ராணியை நேரே விட்டால் பெரும்பாலும் கொன்றுவிடும். எனவே, முட்டையிடும் ஈக்கள் பெருகிய கூட்டத்தைத் தனியாகக் காப்பாற்ற முயல்வதைவிட வலுவான ஒரு கூட்டத்தோடு சேர்ப்பதே என் பரிந்துரை. ஆண் புழு நிறைந்த அடைகளை முதலில் அப்புறப்படுத்தவும். மாலையில், வலுவான பெட்டியின் ராணியைக் கூண்டில் பாதுகாத்து, அதன் புழு அறைமேல் ஊசியால் துளையிட்ட செய்தித்தாளைப் பரப்பி, அதன்மேல் மற்றக் கூட்டத்தின் அறையை வைக்கவும். ஈக்கள் தாளைக் கடித்துப் போக்குவரத்துத் தொடங்குவதற்குள் இரு கூட்டத்தின் வாசனையும் கலந்துவிடும். வாசலில் சண்டையும் செத்த ஈக்களும் காணப்படாத பிறகே ராணியைக் கூண்டிலிருந்து விட வேண்டும்.