பிள்ளைக்கு சைக்கிள் வந்தாச்சு, ரோட்டைக் கேட்டு வாங்குவது எப்படி?

அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேரும் பிள்ளைகளுக்கு தமிழ்நாடு அரசு இலவசமாக சைக்கிள் கொடுக்கிறது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு எல்லாருக்கும் விரிந்த திட்டம். சைக்கிள் வீடு வரைக்கும் வந்துவிடுகிறது. அதில் பள்ளிக்குப் போய்ச் சேர ரோட்டோரத்தில் மூன்றடி இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. அந்த மூன்றடியை எப்படிக் கேட்பது என்பதற்குத்தான் இது.

முதலில், "எங்கள் ஊருக்கு சைக்கிள் பாதை வேண்டும்" என்று ஆரம்பிக்காதீர்கள். இருபதடி ரோட்டில் அதைக் கேட்டால் "இடமில்லை" என்ற ஒரு வரியில் ஃபைலை மூடிவிடுவார்கள். தப்பித்தவறி கோடு போட்டாலும் சாயங்காலத்துக்குள் அதன் மேல் நாலு லோடு ஆட்டோ நிற்கும். ஒரே ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கூட வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை என்பது மாதிரி. அதில் சைக்கிள்காரர் விழக்கூடிய இடங்களை மட்டும் எழுதுங்கள். மழைநீர் வடிகால் மூடியில் கம்பிகள் ரோட்டின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் முன்சக்கரம் அப்படியே உள்ளே இறங்கும். அதைத் திருப்பிக் குறுக்குவாக்கில் போட ஒரு நாள் வேலைகூட இல்லை. அடுத்தது ரோட்டு விளிம்பு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு மேடாகி, ஓரத்தில் அரையடிப் பள்ளம் விழுந்திருக்கும், பின்னால் பஸ் ஹாரன் அடித்ததும் பிள்ளை ஒதுங்குவது அங்கேதான். சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். மனுவில் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வேகத்தடை கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சும்மா கேட்டால் செங்குத்தாக ஒரு மேட்டைக் கட்டிவிட்டுப் போவார்கள், அதில் முதலில் விழுவது சைக்கிள்தான். வண்டி போகும் வாக்கில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம் என்று, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ் அளவு வைத்திருக்கிறது. இந்த அளவைச் சொல்லியே கேளுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது? நாங்கள் முதன்முதலில் எழுதிய மனு ஒரு அலுவலகத்தில் நாலு மாதம் தூங்கிவிட்டு, "இது எங்கள் ரோடு இல்லை" என்று திரும்பி வந்தது. அதனால் ரோடு யாருடையது என்று முதலிலேயே பாருங்கள். மைல்கல்லின் தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. ஊருக்குள் மைல்கல்லே இல்லாவிட்டால் கவுன்சிலரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாவிட்டால் வார்டு உதவிப் பொறியாளருக்குத் தெரியும். உண்மையில் உங்களுக்கு வேண்டிய ஆள் அந்தப் பொறியாளர்தான், அமைச்சர் இல்லை.

மனுவுக்கு முன்னால் ஒரு எண்ணிக்கை வேண்டும். பள்ளி நாளில் காலை ஏழரை முதல் ஒன்பது வரை டீக்கடை ஓரமாக இரண்டு பேர் நின்று, போகிற சைக்கிள்களை எண்ணுங்கள்: மாணவர், பால்காரர், வாட்ச்மேன், கட்டட வேலைக்குப் போகிறவர் எனத் தனித்தனியாக. ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் போட்டு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் பேசினால் "பொழுதுபோக்கு" என்று ஒதுக்குவது எளிது (நானும் அந்தக் கூட்டம்தான், அனுபவத்தில் சொல்கிறேன்). டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போகிறவரை அப்படி ஒதுக்க முடியாது. பள்ளத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள், தேதியும் இடமும் படத்திலேயே விழட்டும்.

மனு ஒரு பக்கம் போதும். அனுப்புநர், பெறுநர், பொருள், மூன்று கோரிக்கை, பின்னால் படங்கள். தலைமை ஆசிரியர், பெற்றோர், தெருவிலுள்ள கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் நல்லது. கடைக்காரர்களிடம் முதலிலேயே போய்ப் பேசிவிடுங்கள், "பார்க்கிங் போய்விடும்" என்ற வதந்தி வேறு வாயிலிருந்து வந்தால் பிறகு சமாதானம் செய்யவே முடியாது. நகலில் சீலும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். கிராமம் என்றால் கிராம சபையில் தீர்மானமாகவே போடலாம்; ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கூடுகிறது. நகரத்தில் கிராம சபை மாதிரியே வார்டு மக்கள் கூடும் பகுதி சபா இருக்கிறது, கூட்டம் எப்போது என்று கவுன்சிலரை நச்சரிக்க வேண்டியிருக்கும். சென்னைக்காரர்கள், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று மாநகராட்சி 2014-ல் ஏற்றுக்கொண்ட கொள்கையையும் மேற்கோள் காட்டுங்கள்.

பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு விண்ணப்பம். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. அந்த ரோட்டுக்கான எஸ்டிமேட் நகல், கடைசியாகத் தார் போட்ட தேதி, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல் என்று காகிதத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் முதல் மேல்முறையீடு. அடுத்த மனுவில், தரமில்லாத சாலையால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சொல்லும் மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ பிரிவை ஒரு வரி சேருங்கள். மிரட்டலாக வேண்டாம், தகவலாக.

அப்புறம் எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் போய் நிற்பதுதான் முக்கியம். டெண்டர் விட்ட பிறகு எந்தப் பொறியாளரும் ஒரு அங்குலத்தை மாற்ற மாட்டார். வேலை பெரும்பாலும் ராத்திரியில்தான் நடக்கும், அன்றைக்கு இரண்டு பேர் டேப்போடு அங்கே இருங்கள். வடிகால் மூடியை எந்த வாக்கில் வைப்பது என்று எங்கள் தெருவில் முடிவு செய்தவர் பொறியாளர் இல்லை, ராத்திரி ஒன்றரை மணிக்கு அதைத் தூக்கி வைத்த மேஸ்திரி. "குறுக்கே வையுங்கண்ணே, சைக்கிள் போகும்" என்றோம். வைத்துவிட்டார்.