டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போடலாமா?

பஞ்சர் கடையில் "உள்ளே ஒரு டியூப் போட்டுடலாம்" என்றால், உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் சக்கரத்தைப் பாருங்கள். சாதாரண ஸ்போக்ஸ் வீல் என்றால், டயரில் டியூப்லெஸ் என்று அச்சிட்டிருந்தாலும் டியூப் வேண்டும். ஸ்போக்ஸ் மாட்டும் துளைகள் வழியாகக் காற்று கசிந்துவிடும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-யின் ஸ்போக்ஸ் மாடல்கள் அப்படித்தான்.

டியூப்லெஸ்ஸுக்கான அலாய் வீல் என்றால் டியூப் தேவையே இல்லை. ஆணி குத்தினால் டியூப்லெஸ் டயரில் பெரும்பாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், வண்டியை ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். டியூப் கிழிந்தால் சட்டென்று இறங்கிவிடும். வேகமாகப் போகும்போது, அதுவும் முன்சக்கரத்தில் நடந்தால் மிகவும் ஆபத்து. டயருக்கும் டியூபுக்கும் இடையே உராய்ந்து சூடும் ஏறும்.

ஆணி தெரிந்தால் வழியிலேயே பிடுங்காதீர்கள். டயரில் காற்று இருக்கும்போதே மெதுவாகக் கடைக்கு ஓட்டிப் போய், ஓட்டைக்குள் திணிக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தரையில் படும் பகுதியில் உள்ள சின்ன ஓட்டைக்கு மட்டும்தான் இது. பக்கச்சுவர் கிழிந்திருந்தால், செலவு பார்க்காமல் டயரையே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய வால்வின் ரப்பரில் விரிசல் விட்டு அங்கேயும் காற்று கசியும்.