காவலுக்கு வைத்த பாகத்தைக் கழற்றாதீர்கள்: டெல்டாவில் வீட்டிலேயே கார் வேலை பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு ஸ்பேனர் புதிதல்ல. பம்ப்செட்டையும் டிராக்டரையும் சின்ன வயதிலிருந்தே பிரித்துப் பழகிய கைகள் இவை. அந்தத் தைரியம் நல்லது. ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது, பேட்டரியைப் பராமரிப்பது எல்லாம் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய வேலைகள்தான். ஆனால் பழைய டீசல் எஞ்சினில் எடுபட்ட கைவைத்தியம் இன்றைய காரில் எடுபடாது. வீட்டு வேலையில் கெட்டுப்போன வண்டிகளைப் பார்த்தால், பெரும்பாலும் தொந்தரவாகத் தெரிந்த ஏதோ ஒரு பாகத்தைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அல்லது அதை ஏமாற்றி வேறு வழி போட்டிருப்பார்கள். அந்தப் பாகம் காவலுக்கு வைத்ததாக இருக்கும்.

உயிர் போகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதன்மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் படுக்கவே கூடாது. நம் ஊர் மண் வண்டலும் களியும். காய்ந்த நாளில் இறுகிக் கிடக்கும் தரை, ஒரு மழைக்குப் பிறகு மேலே உலர்ந்தும் உள்ளே சொதசொதவென்றும் இருக்கும். பாரம் ஏறியதும் ஜாக்கியின் அடி ஒரு பக்கமாக இறங்கி வண்டி சரியும். ஹாலோ பிளாக்கையோ செங்கல்லையோ முட்டுக் கொடுப்பது அதைவிட மோசம். அவை முன்னறிவிப்பே இல்லாமல் உடையும். சிமென்ட் தளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பாரத்தை ஜாக்கி ஸ்டாண்டில் இறக்கிய பிறகே அடியில் போக வேண்டும். ஸ்டாண்ட் வாங்கப் பணம் இல்லையென்றால், வண்டிக்கு அடியில் போகும் வேலையை மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள்.

ஆயில் மாற்றுவதில் தவறு நடக்கும் இடங்கள் சின்னச் சின்னவை. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை இறக்குங்கள். வடித்த பிறகு மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சினைக் 'கழுவுவது' நம் பக்கம் இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெய் உள்ளே தங்கிப் புது ஆயிலை நீர்க்கச் செய்யும். அடியில் படிந்த கசடைப் பெயர்த்துக் கொண்டுபோய் ஆயில் பம்பின் வலையில் அடைக்கும். அப்புறம் பேரிங்குகளுக்கு ஆயில் போகாது. சரியான ஆயிலைச் சொன்ன நேரத்தில் மாற்றினாலே கழுவத் தேவை வராது.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் வாயைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் வளையம் அதோடு வந்திருக்க வேண்டும். சில நேரம் அது எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கவனிக்காமல் புது ஃபில்டரை அதன்மேல் திருகினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்தில் ஆயில் பீய்ச்சியடித்து எஞ்சின் காய்ந்துவிடும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, வளையம் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் பல ஃபில்டர்களுக்குப் போதும். சரியான அளவை ஃபில்டரின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். வடிகால் போல்ட்டில் பலத்தைக் காட்ட வேண்டாம். பல கார்களில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் அலுமினியம்; மரை போய்விட்டால் சம்ப்பையே மாற்றும் செலவு வரும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்று மேனுவலில் பார்த்து டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள், வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

'கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே' என்று டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவது இன்னொரு பழக்கம். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் மோதி நுரையடிக்கும். நுரை ஆயில் மசகு தராது. சீல்கள் வழியாகக் கசியவும் செய்யும். பிஎஸ் 6 என்ற புகை மாசு விதிப்படி வந்த டீசல் கார் என்றால் ஆயில் தேர்விலேயே கவனம் வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது. டிராக்டருக்கு வாங்கி வைத்த ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றினால், அதன் சாம்பல் அந்த ஃபில்டரில் படிந்து மெல்ல அடைக்கும். டப்பாவில் எழுதியிருக்கும் தரக் குறியீடு மேனுவலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலில் கொட்டுபவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் கொதிக்கிறது. அந்த வாய்க்கால் அடுத்த மடையில் ஒருவர் வயலுக்குள் போகிறது, அங்கே மாடு தண்ணீர் குடிக்கிறது. ஓடிய ஆயிலில் உலோகத் துகள்களும் எரிந்த கழிவும் இருக்கும். சட்டப்படியே அது அபாயக் கழிவு. வேலிக்காலில் கரையானுக்கு ஊற்றுவதும் அதே நிலத்தடி நீருக்குத்தான் போய்ச் சேரும். காலி ஆயில் கேனிலேயே நிரப்பி, பீப்பாயில் சேர்த்து வைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது தூசி. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது அறுவடை மிஷின்களுக்குப் பக்கத்தில் போய் வரும் கார்களின் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நெல் சுணையும் மண்ணும் மடிப்பு மடிப்பாக அடைத்திருக்கும். மேனுவலில் சொன்ன கிலோமீட்டர் சாதாரண சாலைக்கானது. தூசி நிறைந்த பாதைக்கு அதைவிடச் சீக்கிரம் பார்க்கச் சொல்லி அதே மேனுவலில் இருக்கும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசுவதும், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை நேராக வைத்து ஊதுவதும் தவறு. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழுந்து, அதன் வழியாகப் போகும் மண் சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். புது ஃபில்டரின் விலை அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

பெட்டியோடு கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டர் மாட்டி 'பிக்கப்' ஏற்றுகிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான். அதில் தடவும் எண்ணெய் அதிகமானால் காற்றின் அளவைப் பார்க்கும் சென்சாரில் படிந்து எஞ்சின் தடுமாறும். நம் பக்கத்துக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. சில கிட்டுகளில் காற்று இழுக்கும் வாயைக் குளிர்ந்த காற்றுக்காக பம்பருக்குக் கீழே இறக்கி வைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும் ஊரில் அந்த வாய் தண்ணீரைத்தான் குடிக்கும்.

சூடு விஷயத்தில் நடக்கும் தவறு நம் பக்கம் ரொம்பப் பரவலானது. வண்டி சூடாகிறது என்று சொன்னதும், "அண்ணே, தெர்மோஸ்டாட்டைக் கழட்டி விட்டுட்டா சரியாயிடும்" என்பார்கள். கழற்றியதும் முள் இறங்குவதால் சரியானது போலத் தெரியும். எஞ்சின் உரிய சூட்டுக்கு வந்தாகிவிட்டதா என்று பார்த்து ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு அது. அது இல்லாத எஞ்சின் எப்போதும் அரைச் சூட்டில் ஓடும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக எண்ணி கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூடுதலாக விடும். மைலேஜ் விழும், எரியாத எரிபொருள் ஆயிலில் இறங்கும். சூட்டுக்கு உண்மையான காரணம் ரேடியேட்டர் அடைப்பாகவோ, ஓடாத ஃபேனாகவோ, வாட்டர் பம்பாகவோ, ஹெட் கேஸ்கெட்டாகவோ இருக்கலாம். வால்வைக் கழற்றினால் அது மறைந்து நின்று, ஒரு நாள் நீண்ட பயணத்தில் மொத்தமாகக் காட்டும். தெர்மோஸ்டாட் பழுதென்றால் புதிது போடுங்கள்.

கூலன்ட் குறைந்தால் வீட்டு போர் தண்ணீரை ஊற்றுவதும் அப்படித்தான். வேதாரண்யம், நாகை, திருத்துறைப்பூண்டி பக்கத்தில் பல போர்களில் உப்பு ஏறியிருக்கிறது. அந்த உப்பு அலுமினிய ரேடியேட்டரை அரிக்கும். கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு உள்ளே படிந்து குழாயைச் சுருக்கும். டிஸ்டில்டு வாட்டரை பெட்ரோல் பங்கிலேயே விற்கிறார்கள். அடர் கூலன்டில் அதைக் கலந்து ஊற்றலாம், அல்லது கலந்தே வரும் கூலன்டை வாங்கலாம். பச்சை, சிவப்பு என்று நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்குத் தரக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இனி விளக்கும் வயரும். இரவில் மாடு, ஆள், விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர் எல்லாம் குறுக்கே வரும் சாலைகள் நம்முடையவை. கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் கம்பெனி கொடுத்த 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்பை அதே ஹோல்டரில் செருகுவது வழியல்ல. லோ பீமில் இரண்டு பல்புக்கும் சேர்த்து ஏறக்குறைய 9 ஆம்பியர் போய்க்கொண்டிருந்த வயரில் இப்போது 15 ஆம்பியர் போகும். ஹோல்டர் இளகும், சுவிட்ச் கருகும். ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் போடுவார்கள், இல்லையென்றால் செம்புக் கம்பியைச் சுற்றுவார்கள். ஃபியூஸ் காப்பது பல்பை அல்ல, வயரை. அது எரியாவிட்டால் வயர் எரியும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வது தனிப் பாவம். நான் சொல்வேன், முதலில் மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் செய்யுங்கள், உயரத்தைச் சரிபாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

கேமரா, ஹார்ன் என்று எதை மாட்டினாலும் முறை ஒன்றுதான். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவிலிருந்து எடுக்கும் வயரில் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அதிக கரன்ட் இழுப்பதற்கு ரிலே வேண்டும்; சின்ன கரன்டால் பெரிய கரன்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. எஞ்சின் அறைத் தகரத்தில் துளை போட்டால் ரப்பர் புஷ் வைக்காமல் வயரை நுழைக்காதீர்கள். இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றுவது நம் ஈரக் காற்றில் நீடிக்காது. சில மழைக்காலம் போனால் உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். மஞ்சள் உறை போட்ட வயர்கள் பல கார்களில் ஏர்பேக்குக்கானவை. அவற்றை டெஸ்டர் வைத்துச் சோதிக்கவும் கூடாது.

சட்டம் தெரியாமல் செலவழித்தவர்கள் நிறைய. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. நிறம் மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி புத்தகத்தில் பதிய வேண்டும். முன்னால் மாட்டும் இரும்பு கிராஷ் கார்டுகளுக்கு எதிராக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அந்த இரும்பு மோதலின் வேகத்தை நேராக வண்டியின் அடிச்சட்டகத்துக்கு (சேஸிஸுக்கு) கடத்தும், ஏர்பேக் விரியும் நேரத்தையும் குழப்பும். சைடு ஏர்பேக் உள்ள சீட்டுக்கு முழு உறை தைத்துப் போடுவதும் அதே வகைத் தவறுதான்.

வண்டிக்கு அடியில் இரண்டு தகடுகள் அடிக்கடி காணாமல் போகின்றன. சைலன்சருக்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு சடசடவென்று சத்தம் போடுகிறது என்று கழற்றுவார்கள். எஞ்சினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டு ஆயில் மாற்ற இடைஞ்சல் என்று திரும்ப மாட்டாமல் விடுவார்கள். நம் சாலைகளில் உளுந்து, பயறுச் செடிகளைப் பரப்பி வண்டிகளை ஏறவிட்டு அடித்தெடுப்பது வழக்கம். காய்ந்த அந்தச் செடி அடியில் சுற்றிக்கொண்டு, சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும் புகைக்குழாயைத் தொட்டால் தீப்பிடிக்கும். சத்தம் போடும் தகட்டை கிளாம்ப் போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது. செடி பரப்பிய சாலையில் ஏற நேர்ந்தால், கொஞ்ச தூரத்தில் நிறுத்திக் குனிந்து பார்த்து, சிக்கியதை இழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எலித் தொல்லைக்கு வயரில் மண்ணெண்ணெய், டீசல் அடிக்காதீர்கள், ரப்பரும் கெடும், தீப்பிடிக்கவும் வழி. வைக்கோல் போர் பக்கத்தில் நிறுத்தாமல் இருப்பதும், ஏர் ஃபில்டர் பெட்டியில் கூடு கட்டியிருக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பார்ப்பதும் பலன் தரும். கடலோர ஊர்களில் துருவுக்காக அடிப்பகுதியில் பழைய ஆயிலைத் தெளிப்பதும் வேண்டாம், ரப்பர் புஷ்கள் உப்பிப் போகும். நல்ல தண்ணீரில் அடியைக் கழுவினாலே உப்பு போய்விடும். பிரேக்கைப் பொறுத்தவரை, அனுபவம் இல்லாதவர் வீட்டில் தொடவே கூடாது என்பதுதான் என் கருத்து.

மழைக்காலத்தில் ஓடும் வண்டி தண்ணீருக்குள் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். இந்த ஒரு பழக்கத்தால் போன எஞ்சின்கள் அதிகம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளையும். வாசலில் நின்ற வண்டிக்குள் வெள்ளம் ஏறியிருந்தாலும் சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டாம். எட்ட முடிந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, தள்ளியோ கட்டி இழுத்தோ ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் இப்படி உடைந்த எஞ்சினுக்குப் பொதுவாகப் பணம் வராது. அதற்கு 'எஞ்சின் புரொடெக்ட்' என்று தனி இணைப்பு உண்டு. புரட்டாசிக்குள் பாலிசியை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் செய்த மாற்றங்களைக் காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரிவித்திருக்கிறீர்களா என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள்.