வேக் மெஷின்: பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறாத புண்களுக்கு டிரஸ்ஸிங் செய்கிறேன். ஸ்பாஞ்ச் வைத்து மூடிய புண்ணிலிருந்து நீரை உறிஞ்சி எடுக்கும் கருவிதான் வேக் மெஷின். புதிதாக வந்த பிள்ளைகள் அதைப் போடுவதைப் பார்த்தால் என் பழைய கோளாறுகளே வரிசையாக வருகின்றன. கை கழுவுவது, கையுறை பற்றிச் சொல்லப்போவதில்லை.

கருப்புச் சதை மேலேயே ஸ்பாஞ்ச் வைப்பது

செத்த சதையை வெட்டி எடுத்த பிறகுதான் மெஷின்.

நின்ற மெஷினை அப்படியே விடுவது

இது இன்றைக்கும் எரிச்சலூட்டுகிறது.

புண்ணுக்குள் ஸ்பாஞ்ச், மேலே காற்றுப் புகாத ஃபிலிம், பெரும்பாலும் 125 மி.மீ. பாதரச அளவில் உறிஞ்சுதல். நீர் வெளியேறி வீக்கம் வடியும், புண்ணின் ஓரங்கள் உள்ளே இழுபடும், சிவப்புச் சதை எழும்பும். உறிஞ்சுவது நின்றால் அதே ஃபிலிம் சட்டிக்கு மூடி போட்ட மாதிரிதான். உள்ளே இருப்பது ஊசிப்போகும்.

களக்காட்டுப் பக்கத்துத் தாத்தா ஒருவர். சர்க்கரை நோயாளி, வாழைத் தோட்டத்தில் முள் ஏறி பாதம் முழுக்கப் புண். ராத்திரி பேரன் செல்போன் சார்ஜ் போட மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். பேட்டரி தீரப்போகிறது என்று அலாரம் கத்தியது. "ஏம்மா, அதக் கொஞ்சம் நிப்பாட்டேன், இப்பந்தான் கண்ணசந்தாக" என்றார் ஆச்சி. பிளக்கைப் பார்க்காமலே, சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் அலாரத்தை அணைத்தேன். பேரனைக் குறை சொல்லி என்ன?

விடிந்து பார்த்தால் ஃபிலிமுக்கு அடியில் பழுப்பு நீர் தேங்கி நின்றது. சுற்றியிருந்த நல்ல தோல் ஊறி வெளுத்திருந்தது. கழுநீர்ப் பானை வாடை. அஞ்சு நாளாக எழும்பிய சதை கெட்டு, தாத்தா மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார்.

ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் நின்றால் எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, சலைனில் நனைத்த காஸ் துணி வையுங்கள். ஓடாத மெஷினை மறுபடி போட்டுவிட்டுச் சமாளிக்காதீர்கள். இப்போது நான் பிளக் மேல் பிளாஸ்திரி ஒட்டி 'பிடுங்காதீங்க' என்று எழுதிவிடுகிறேன்.

ஸ்பாஞ்ச் துண்டுகளை எண்ணாமல் வைப்பது

எத்தனை வைத்தீர்கள் என்று ஃபிலிம் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். வழக்கமாக 48 முதல் 72 மணிக்குள் மாற்றுவோம். அதற்குள்ளேயே சதை ஸ்பாஞ்சின் துளைகளில் ஏறிப் பிடித்துக்கொள்ளும். சலைன் ஊற்றி ஊறவிட்டு எடுங்கள், பிய்க்காதீர்கள். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் புண் ஆறாது.

ஸ்பாஞ்ச் நல்ல தோலில் படுவது

படக்கூடாது.

கேனிஸ்டரில் (உறிஞ்சிய நீர் சேரும் டப்பா) ரத்தம் ஏறியும் காத்திருப்பது

மெஷினை நிறுத்து, டிரஸ்ஸிங்கைப் பிரிக்காமல் அழுத்திப் பிடி, டாக்டரைக் கூப்பிடு.